வீரக்குட்டிக்கு வைத்த சோறு

மேசையில் இருந்தவர்கள் நான்கு பேர். சமையலறை வாசலோடு ஒட்டிய கதிரையில், எழும்பிப் போய்வர வசதியாக, வீட்டுக்காரி செலீன். அவளுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி அல்பேட். அவருக்கு அடுத்ததாக நூலகத்தில் வேலைசெய்யும் ஜூடித். கடைசியில், கடைசியாக வந்தபடியால், மேல்கோட்டின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் கோணேஸ்வரி. நால்வரும் யன்னலுக்கு முதுகைக் கொடுத்து ஒரே வரிசையில் இருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் ஐந்து கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பீங்கான், ஒரு குவளை, ஏற்றாத மெழுகுதிரி ஒன்று, மடித்து நிறுத்திய அட்டை ஒன்று.

1987 கார்த்திகை முதலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் ஐந்து மணிக்கே ரொறன்ரோவில் வெளிச்சம் போய்விட்டிருந்தது. மல்வேர்னிலிருந்து வருகிற பஸ் அன்றைக்குப் பிந்திவிட்டது. கோணேஸ்வரி உள்ளே வந்ததும், செலீன் உதட்டில் விரலை வைத்து, பேசாதே என்று காட்டினாள். மற்ற இருவரும் ஏற்கனவே வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். சரி, இன்றைக்கு மௌனவிரதம் போல என்று எண்ணிக்கொண்டு அவளும் இருந்தாள்.

செலீன் எழும்பி மெழுகுதிரிகளை ஏற்றத் தொடங்கினாள். முதலாவது திரியின் வெளிச்சத்தில் முதலாவது அட்டை தெரிந்தது. மதிலின். அது செலீனின் தாயின் பெயர். வடக்கே ஒரு கடதாசி ஆலை ஊரில் அடக்கம் செய்யப்பட்டவள். இரண்டாவது, டொரத்தி. அல்பேட்டின் மனைவி, போன மாசியில் புற்றுநோயில் போனவள். மூன்றாவது, ஜூடித்தின் தம்பி. பதினேழு வயதில் ஏரியில் மூழ்கியவன்.

அப்போதுதான் கோணேஸ்வரிக்கு இது யாருக்கு வைத்த விருந்து என்பது விளங்கியது. ஓ, செத்தவர்களுக்கு என்று நினைத்தாள். நினைத்து முடிக்குமுன் செலீன் நாலாவது திரியை ஏற்றிவிட்டாள்.

ஆங்கில எழுத்தில், கறுப்பு மையில், அழகாக எழுதியிருந்தது: வீரக்குட்டி உத்தரட்டாதி.

கோணேஸ்வரி அதை இரண்டு தரம் வாசித்தாள். வீரக்குட்டி அவளுடைய புருஷன். உத்தரட்டாதி அவன் பிறந்த நட்சத்திரம். அதைக் குடும்பப்பெயர் என்று நினைத்து செலீன் சேர்த்து எழுதியிருந்தாள்.

பிழை எங்கே நடந்தது என்று அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. புரட்டாதியில் இதே வீட்டில் நடந்த கூட்டத்தன்று, பாத்திரம் கழுவிவிட்டு வந்தபோது, அலுமாரித் தட்டில் ஒரு பெட்டியும் கடதாசித் துண்டுகளும் இருந்தன. எதற்கு என்று ஜூடித்தைக் கேட்டாள். அடுத்த கொண்டாட்டத்தில் வாசிக்கிறதுக்குப் பெயர்கள் என்றாள் அவள். கோயிலில் அர்ச்சனைக்குத் துண்டு எழுதிக் கொடுத்துப் பழகிய கை. பெயரும் நட்சத்திரமுமாக ஆங்கில எழுத்தில் இரண்டு பேரை எழுதிப் பெட்டிக்குள் போட்டாள்: வீரக்குட்டி, உத்தரட்டாதி. இராசமணி, ரோகிணி. ஆயுளும் சுகமும் கேட்டு எழுதியது. அவள் சமையலறையில் நின்ற நேரத்தில்தான் செலீன் அந்தப் பெட்டியின் கருத்தை மற்றவர்களுக்கு விளக்கியிருந்தாள்.

வீரக்குட்டி இறந்துவிட்டானா இருக்கிறானா என்பது ஒருவருக்கும் தெரியாது. எண்பத்தைந்தாம் ஆண்டு வைகாசியில், கனடாவுக்கு வருவதற்கான பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க, ஊரிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குச் சைக்கிளில் போனான். படம் எடுத்தான். ஸ்டூடியோக்காரன் அதற்குச் சாட்சி, படமும் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் சந்தியில் சீருடைக்காரர் சிலர் அவனை மறித்ததைக் கண்டதாக ஒரு பெண் சொன்னாள். சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை. இருவருக்கும் என்று அண்ணன் அனுப்பிய ஸ்பொன்சர் கடதாசியில் ஒரு வருடம் கழித்து கோணேஸ்வரி தனியே வந்து இறங்கினாள்.

மாமியார் இராசமணியின் கடிதம் ஐந்து கிழமைகளாக அவளுடைய கைப்பையிலேயே கிடந்தது. "மகள், ரெண்டு வருசமும் நாலு மாசமும் ஆகிட்டு. அமுது குடுக்கச் சொல்லி எல்லாரும் சொல்றாங்க. நீ அவன்ட பொஞ்சாதி. நீ ஓம் எண்டால் குடுப்பன், இல்லையெண்டால் இல்லை. அவன் எங்கேயோ பசியில நிக்கிறான் போல கிடக்கு மகள். எனக்கு நித்திரை இல்லை."

இறந்தவருக்குச் சோறும் கறியும் படைப்பதைத்தான் அவர்கள் பக்கத்தில் அமுது என்பார்கள். அமுது கொடுத்துவிட்டால் ஆள் இறந்தவர். பெண்சாதி பொட்டை அழிக்கவேண்டும். வந்த கடிதத்துக்கு மூன்றாம் நாள் பதில் போடுகிற கோணேஸ்வரி, இந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஓம் என்று எழுதக் கை வரவில்லை. இல்லை என்று எழுத நினைத்தால் அந்தக் கிழவியின் நித்திரை நினைவுக்கு வந்தது.

எந்தத் தமிழ்ச் சனமும் அவளுடைய நெற்றிப் பொட்டையும் கழுத்துத் தாலிக்கொடியையும் பார்த்தால், புருஷன் செத்தவள் என்று நினைக்காது. இந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. அவளும் வாய்திறந்து சொன்னதில்லை.

முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைக்கும் பகுதியில் செலீனும் அவளும் ஒன்றாக வேலை. போன மார்கழியில், "வருடத்திலேயே நீண்ட இரவு வருகிறது, சூரியனை வரவேற்க வா" என்று செலீன் கூப்பிட்டாள். சூரியனுக்கு என்றால் பொங்கலாக்கும் என்று கோணேஸ்வரி ஒரு சட்டி நிறையச் சர்க்கரைப்பொங்கலோடு போய் இறங்கினாள். பின்வளவில், பனிக்கு நடுவில், இரும்புச் சட்டியில் நெருப்பு எரிந்தது. ஐயர் இல்லை. புத்தகம் இல்லை. ஒரு பெண் நெருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு எல்லோரையும் சுற்றி வந்தாள். அல்பேட் மூன்று தரம் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார். இயற்கையைக் கும்பிடுகிற பழைய வழி என்று, தங்களைப் பேகன் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அண்ணனின் காரில் ஒரு மணித்தியாலம் ஓடிப் போகிற கோயிலில் ஐயர் கோத்திரம் கேட்டிருந்தார். அவளுக்குத் தெரிந்தது தாய்வழியில் வந்த குடிப்பெயர்தான். அதைச் சொன்னாள். ஐயர் ஒருக்கால் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சிவகோத்திரம் என்று தானே போட்டுக்கொண்டார். செலீன் வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வருடத்தில் எட்டு நாள் கொண்டாட்டம். நெருப்பு, தண்ணீர், மண், நிலா. ஆவணியில் புதுக் கோதுமையில் பாண் சுட்டுப் பகிர்ந்தபோது, ஊரில் முதல் கதிர் அறுத்துப் புதிர் எடுத்துப் புதுநெல்லுச் சோறு தின்ற மாதிரி இருந்தது. ஊரில் வைகாசியில் அம்மனைக் குளிர்விக்கிற குளுத்திச் சடங்கின்போது கண்ணகை அம்மன் வளவில் நிற்கையில் உடம்புக்குள் ஒன்று அடங்கி இருக்குமே, அது இங்கே துவைக்கும் மெசின்காரியின் பின்வளவில் வந்தது. அது அவளுக்கே பெரிய புதினம்.

பிடிக்காததும் இருந்தது. கும்பிடும்போது நடுவில் சிரிப்பார்கள். சப்பாத்தோடு நிற்பார்கள். அம்மனுக்கு மாதம் ஒரு பேர் வைப்பார்கள். ஒருமுறை ஜூடித் ஏதோ புத்தகத்தில் பார்த்துவிட்டு, இந்தமுறை காளியைக் கூப்பிடுவோமா என்றாள்.

"கூப்பிட்டா வருவா," என்றாள் கோணேஸ்வரி. "வந்தா ஆர் அனுப்புறது? நீயா?"

ஜூடித் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். அன்று முதல் கோணேஸ்வரிக்கு அந்த வட்டத்தில் ஒரு மதிப்பு.

இப்போது அதே வட்டம் அவளுடைய புருஷனைச் செத்தவர்களோடு இருத்தி வைத்திருந்தது.

எழும்பிக் கத்தவேண்டும் போல இருந்தது. அதற்குள் செலீன் சமையலறைக்குள் போய் ஒரு பெரிய பாத்திரத்தோடு திரும்பினாள். சோறு! வழக்கமாக அந்த வீட்டில் உருளைக்கிழங்குதான். இவளுடைய ஆளுக்காக என்றே, வேலைத்தலத்தில் இவள் சொல்லிக் கொடுத்தபடி கஞ்சி வடித்துச் சமைத்திருக்கிறாள். உயிரோடு இருப்பவர்களுக்கு முன் அவர்களுக்குத்தான் பரிமாற வேண்டும் போல. முதல் மூன்று பீங்கான்களும் முடிந்து வீரக்குட்டியின் பீங்கானில் மூன்று அகப்பை சோறு விழுந்தது. ஆவி பறந்தது. மேலே பருப்பு. பக்கத்தில் பூசணிக்காய்.

அந்த நேரத்தில் கோணேஸ்வரியின் நெஞ்சுக்குள் ஒன்று நடந்தது. அப்பாடா என்று இருந்தது. இவ்வளவு காலமும் எங்கேயோ நின்றுகொண்டே இருந்தவனுக்கு ஒரு கதிரை கிடைத்துவிட்டது, சூடாகச் சோறு கிடைத்துவிட்டது, இனி நான் தேடத் தேவையில்லை என்று. ஒரேயொரு மூச்சுத்தான். உடம்பு முழுவதும் தளர்ந்து கதிரையில் சாய்ந்தது.

அடுத்த மூச்சில் தன்னையே கண்டு விறைத்துப் போனாள். அட்டையைக் கண்ட திடுக்கீடு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இது மண்டையில் அடித்த மாதிரி. நானா? நானா அப்படி நினைத்தேன்?

செலீன் ஐந்தாவது திரியை ஏற்றினாள். இராசமணி ரோகிணி. அகப்பை அந்தப் பீங்கானை நோக்கிப் போனது.

"ஐயோ, மாமி உயிரோட இருக்கிறா!"

தமிழில்தான் கத்தினாள். ஜூடித் வாயைப் பொத்திக்கொண்டாள். அல்பேட்டின் கை பட்டுக் குவளை ஒன்று உருண்டது. மௌனம் முடிந்ததற்கு அடிக்கிற மணி மேசை நடுவில் அடிக்கப்படாமலே கிடந்தது.

பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். இவ என்ர புருசன்ட தாய். சாகயில்ல. அஞ்சு கிழமைக்கு முந்திக்கூட அவட கடிதம் வந்தது. நான் எழுதினது கும்பிடுறதுக்கு. நீங்க வேற என்னவோ செய்து வைச்சிருக்கீங்க.

செலீனின் முகம் வெள்ளைத் துணி போலாகிவிட்டது. "கடவுளே," என்றாள், சின்ன வயதில் விட்டுவந்த தேவாலயத்துப் பழக்கத்தில். மாமியின் அட்டையைத் தானே எடுத்துக் கிழித்தாள். திரியை விரலால் நசித்தாள். பிறகு நாலாவது கதிரைக்கு முன்னால் நின்று, தணிந்த குரலில் கேட்டாள்:

"அவர்?"

இரண்டரை வருடத்தில் ஒருவரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. ஊரில் பாதிச் சனம் செத்துப்போனான் என்றது. மீதிச் சனம் எங்கேயோ முகாமில் இருக்கிறான், வருவான் என்றது. அண்ணன் மறந்துபோ என்றான். எல்லோரிடமும் பதில் தயாராக இருந்தது.

"தெரியாது," என்றாள் கோணேஸ்வரி. அதை வாய்விட்டுச் சொன்னதும் அன்றுதான்.

செலீன் தன் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தாள். திரியை அணைப்பதா விடுவதா என்று அவளுக்கும் தெரியவில்லை. "நான் இதை எடுக்கட்டுமா, விடட்டுமா? நீ சொல்லு. இது உன்னுடையது. எங்களுக்குள் ஒருவரும் இதைச் சொல்லமுடியாது."

கோணேஸ்வரி எழும்பினாள். மேசைக்கு மேலால் கையை நீட்டி வீரக்குட்டியின் பீங்கானைத் தன் பக்கம் இழுத்தாள். கோட்டுக் கையை மடித்துவிட்டு, கரண்டியைத் தள்ளிவைத்து, பருப்பைச் சோற்றோடு பிசைந்தாள்.

"அதைத் தொடக்கூடாது," என்று அல்பேட் பதறினார். "விடியும்வரை அது அவர்களுக்கு. உயிரோடு இருக்கிறவர்கள் அதில் கைவைத்தால்..."

"விடுங்கள் அல்பேட்."

"இல்லை செலீன், டொரத்தியின் பீங்கானும் அதே வரிசையில் இருக்கிறது..."

"அல்பேட்!"

கலியாணம் முடித்த நாள்தொட்டு வீரக்குட்டி சாப்பிட்டு எழும்பிய பீங்கானில்தான் அவள் சாப்பிட்டு வந்தாள். அவன் எப்போதும் ஒரு கவளத்தை மிச்சம் வைத்துவிட்டு எழும்புவான். புருஷன் உயிரோடு இருக்கிற பெண்தான் அப்படிச் சாப்பிடலாம். அவள் ஒவ்வொரு கவளமாக எடுத்து வாயில் வைத்தாள். பருப்புக்கு உப்புக் கூட. பூசணிக்காயில் ஏதோ கறுவா வாசம் அடித்தது. அழவில்லை. மற்ற மூவரும் தங்களுக்குச் சோறு போட்டுக்கொள்ளாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது மெழுகுதிரி எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைக்கும்படி அவள் சொல்லவில்லை.

வழியனுப்பும்போது செலீன் வாசலில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னித்துவிடு" என்றாள்.

"சோறு நல்லாக் கிடந்தது," என்றாள் கோணேஸ்வரி. "அடுத்தமுறை உப்பைக் குறை."

மல்வேர்னில் அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி ஏழு. மச்சி, அண்ணனின் பெண்சாதி புஸ்பராணி, சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மச்சி! சூனியக்காரியள்ட பூசை முடிஞ்சுதா? பஸ்ஸில வந்தீங்களா, தும்புத்தடியில ஏறிப் பறந்து வந்தீங்களா?"

"பஸ்ஸில. தும்புத்தடிக்கு ட்ரான்ஸ்ஃபர் ரிக்கற் குடுக்கிறாங்க இல்லையாம்."

புஸ்பராணி சிரித்தாள். முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "என்ன கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

கோணேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். முன் அறையில் ரிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பாக்கியராசா பாதியில் அதை நிறுத்திவிட்டு வந்து வாசல்நிலையைப் பிடித்தபடி நின்றான்.

"செத்த ஆக்களுக்கு வைச்ச சோத்தைத் திண்டுட்டா வந்து நிக்காய்?"

"அவர் செத்த ஆளெண்டு ஆரண்ணன் சொன்ன?"

"அப்ப இருக்காரெண்டு மாமிக்கு எழுது. அஞ்சு கிழமையாக் கடிதத்தைப் பையிலயே காவிக்கிட்டுத் திரியிறாய்."

"இருக்காரெண்டும் எனக்குத் தெரியாதே."

"பின்னே என்னத்தை எழுதப் போறாய்?"

கோணேஸ்வரி கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் மஞ்சள் நிறம் இன்னும் ஒட்டியிருந்தது. பஸ்ஸில் வரும்போதே அவள் யோசித்து முடித்திருந்தாள்.

"மாமி அமுது குடுக்கட்டும். நான் பொட்டழிக்க மாட்டன்."

வெங்காயம் வெட்டிய கத்தி அப்படியே நின்றது.

"என்ன பேச்சு கா இது?" என்றாள் புஸ்பராணி. "அமுது குடுத்தா நீங்க... நீங்க..." அந்தச் சொல்லை அவளால் சொல்ல முடியவில்லை.

"கோணேசு, உனக்கு விசரா?" பாக்கியராசாவின் குரல் உயர்ந்தது. "ஒரு மனிசன் ஒண்டில் இருப்பான், இல்லாட்டி இருக்கமாட்டான். ரெண்டும் எப்பிடி?"

"அது அவருக்கு, அண்ணன். மாமிக்கு மகனுக்குச் சோறு போடவேணும். போடாட்டி அந்த மனிசி நித்திரை இல்லாமலே செத்துப்போகும். எனக்குப் பாத்துக்கிட்டு இருக்கவேணும். ரெண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு எதுக்கு?"

"இது அந்த வெள்ளைக்காரி படிப்பிச்ச பாடமா?"

"அவ என்னைக் கேட்டா. அவ்வளவுதான். நீங்க ஒருத்தரும் கேக்கயில்லை."

பாக்கியராசா கதிரையில் இருந்தான். பிறகு, "ஊரில மாமியைத்தான் எல்லாரும் ஏசுவாங்க," என்றான். "மருமகள் பொட்டோட கனடாவில இருக்க, நீ அமுது குடுக்காயா எண்டு."

"அதுதான் அண்ணன் எனக்கும் பயம். அதையும் எழுதத்தான் போறன்."

புஸ்பராணி வெங்காயக் கண்ணீரா மற்றக் கண்ணீரா என்று தெரியாதபடி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையிலிருந்த சாமான்களை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தாள். "எழுதுங்க. லைற்றைப் போடுறன்."

கோணேஸ்வரி நீல நிற வான்கடிதத்தை விரித்தாள். மேலே பிள்ளையார் சுழி, வலப்பக்கம் முகவரி, திகதி. வழக்கமாக அவள் சுகம் விசாரிக்க நாலு வரி எழுதுவாள். அன்று இரண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

"...மாமி, நீங்கள் கேட்டதற்கு மறுமொழி. நீங்கள் அமுது குடுங்கள். உங்கள் மகனுக்கு நீங்கள் சோறு போடுவதை மறிக்க எனக்கு உரிமை இல்லை. மீன்குழம்பும் வையுங்கள், அவருக்கு அது இல்லாமல் இறங்காது. ஆனால் நான் பொட்டு வைப்பேன், கொடியும் கழற்ற மாட்டேன். இது உங்களை எதிர்த்துச் செய்வதல்ல. ஊரார் உங்களை ஏசினால் என்னைச் சொல்லுங்கள், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், மருமகள் குளிர்நாட்டுக்குப் போய்ப் புத்தி பேதலித்துவிட்டாள் என்று சொன்னாலும் எனக்கு ஒன்றுமில்லை.

இங்கே ஒரு வீட்டில் அவரைச் செத்தவர் என்று நினைத்துச் சோறு வைத்தார்கள். உங்கள் பேருக்கும் வைக்கப் பார்த்தார்கள், நான் மறித்துவிட்டேன், பயப்பட வேண்டாம், அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தச் சோற்றைக் கண்டதும் ஒரு மூச்சு நேரம் எனக்கு ஆறுதலாக இருந்தது மாமி. இதை உங்களுக்கு மறைக்கக்கூடாது. அவர் போய்விட்டார் என்று மனம் ஆறினது. அந்த ஒரு மூச்சுக்காக நீங்கள் என்னை வெறுத்தாலும் சரி. நீங்கள் அமுது கேட்டதும் அந்த ஒரு மூச்சுக்காகத்தான் என்று இப்போது விளங்குகிறது. முந்தி விளங்கவில்லை. அதனால்தான் பதில் போடப் பிந்தினது. நான் அந்தச் சோற்றை எடுத்து, அவர் வைத்த மிச்சம் என்று சாப்பிட்டுவிட்டேன்.

எந்தத் திகதியில் குடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அன்றைக்கு நான் விரதம் இருக்க மாட்டேன். ஆனால் உங்களை நினைத்துக்கொண்டு இருப்பேன்..."

இடம் முடிந்துவிட்டது. ஓரத்தில் செங்குத்தாகக் கையெழுத்தை வைத்தாள். முதலிலிருந்து ஒருமுறை வாசித்தாள். 'ஆறுதலாக' என்ற சொல்லில் கண் நின்றது. பேனையை அதன்மேல் கொண்டுபோனாள், வெட்டவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்புக்குப் பக்கத்திலுள்ள சிவப்புத் தபால்பெட்டியடியில் நின்று கையுறைகளைக் கழற்றினாள். கடிதத்தை மூன்றாக மடித்தாள். பசையுள்ள ஓரத்தை நாக்கால் நனைத்து, தொடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். ஒரு மூலை கிளம்பியது, அதையும் அழுத்தினாள். பெட்டியின் மூடி குளிரில் இறுகியிருந்தது. இழுத்துத் திறந்து, கடிதத்தை உள்ளே விட்டு, மூடியைத் தள்ளினாள். பஸ் வந்துகொண்டிருந்தது.